மைதீன் சொன்ன நாலு நம்பர்

கல்லாற்றுப் பாலத்தருகே எதிரெதிராக இருக்கும் இரண்டு கடைகளில் ஒன்றில் பிரிட்ஜ் நிறைந்திருக்கிறது, மற்றதில் காலியாகக் கிடக்கிறது என்று சொல்லிப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். நிறைந்தது உலகம்மையுடையது. காலி, மைதீனுடையது.

'உடையது' என்று சொல்வதுகூடச் சரியில்லை. இரண்டுமே கம்பெனி பிரிட்ஜ். கூல்டிரிங்ஸ் கம்பெனிக்காரர்கள் கடைக்கு பிரிட்ஜை இலவசமாகக் கொடுப்பார்கள். தங்கள் சரக்கை மட்டும்தான் அதில் அடுக்க வேண்டும் என்பார்கள். கரண்ட் பில் கடைக்காரர் தலையில். சரக்கு ஓடாத கடையிலிருந்து ஒரு நாள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தக் கோடையில் ஓடுவதற்குச் சரக்கே இல்லை. முதலில் சிப்ஸ் நின்றது. தேங்காய் எண்ணெய் ஏறிய ஏற்றத்தில் நெடுமங்காட்டு ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ்காரர் அடுப்பை அணைத்துவிட்டார். அடுத்து மிக்சரும் முறுக்கும் பாதியாயின. அதற்குப் பிறகு குளிர்பானம். பாட்டிலுக்கு பிளாஸ்டிக் இல்லை என்றார்கள். சோடாவில் ஏற்றுகிற கேஸ் இல்லை என்றார்கள். எது இல்லையோ, நகரத்துப் பெரிய கடைகளுக்கு மட்டும் எல்லாம் எப்படியோ இருந்தது. சின்னக் கடைகளுக்கு ரேஷன்தான். வாரம் மூன்று பெட்டி, அதுவும் வந்தால்.

உலகம்மை கடைக்கு மட்டும் ஆறு பெட்டி இறங்கியது. அந்த லைனில் சரக்கு போடும் சேல்ஸ்மேன் சுஜின் அவளுடைய ஒரே மகள் அஜிதாவின் கணவன்.

"உங்க கடையில சேல் கூடுதல் அத்தை. அதான் கம்பெனி கூட்டித் தருது," என்றான் அவன்.

உலகம்மை நம்பினாள். புருஷன் போன பிறகு தனியாளாகக் கடையையும் பெண்ணையும் இழுத்துக்கொண்டு வந்தவளுக்கு இப்படி ஒரு மருமகன் வாய்த்தால் நம்பாமல் என்ன செய்வாள்? விதுரை வரைக்கும் பெருமை பேசி வைத்திருந்தாள். மைதீனிடம் மட்டும் சுஜின் வாராவாரம் கையை விரித்தான்.

"வரத்து இல்ல மாமா. அடுத்த வாரம் பாப்போம்."

மைதீனும் நம்பினார்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூட லீவு. பொன்முடி மலைக்கு ஏறுகிற கார்கள் காலையிலிருந்தே பாலத்தில் வரிசை கட்டின. காரை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாம் கண்ணாடிக் கதவுக்குள் சில்லென்று தெரியும் பாட்டில்களைப் பார்த்து உலகம்மையின் கூல்பாருக்கே வந்தார்கள். அஜிதா முக்காலியில் உட்கார்ந்து சில்லறை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதத்தில் தாய் வீட்டுக்கு வந்தவள். அவளை வேலை செய்ய விடக்கூடாது என்று உலகம்மைக்கு ஆசை. ஆனால் கூட்டம் விடவில்லை.

எதிர்ப்பக்கம் மைதீன் பால் கலக்காத கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தார். இந்த வெயிலில் சுடச்சுடக் கட்டன் சாயா குடிக்க யார் வருவார்கள்? இரண்டு டிரைவர்கள் நின்றார்கள்.

உலகம்மைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போன வாரமே கேட்டாள்.

"ரெண்டு வரிசைக்கு எனக்க சரக்கை எடுத்து வையும் அண்ணே. காலியா தெரியாண்டாம்."

"வேண்டாம் தங்கச்சி. நமக்குள்ளது நமக்கு வரும்," என்று சிரித்துவிட்டார்.

உலகம்மையின் புருஷன் லாரி மோதி இறந்தபோது, காரியம் முடிகிற வரைக்கும் இரண்டு கடையையும் திறந்து, ரோட்டைக் குறுக்கே குறுக்கே கடந்து, ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர் மைதீன். பின்னால் மைதீனின் மனைவி மௌத்தானபோது சிறு பெண்ணாக இருந்த சபீனாவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் உலகம்மை. இப்போது சபீனா திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருவாள். இன்றும் வருவாள்.

பத்து மணி வாக்கில் கம்பெனி வண்டி ஒன்று பாலத்தைத் தாண்டி வந்தது. இன்றைக்கு வர வேண்டிய வண்டி அல்ல அது.

"அம்மா, சரக்கு வருது போல," என்றாள் அஜிதா.

வண்டி மைதீன் கடை முன்னால் நின்றது. உலகம்மைக்கு சந்தோஷமாகவே இருந்தது. அப்பாடா, அண்ணனுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தாள். இறங்கிய இரண்டு ஆட்களின் கையில் பெட்டி இல்லை, கயிறு இருந்தது. அவர்களுக்குப் பின்னால் சூப்பர்வைசர் கிருஷ்ணகுமார் இறங்கினார். கரமனை அக்ரஹாரத்துக்காரர், மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர் முகமும் சரியாக இல்லை.

அஜிதாவைக் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு உலகம்மை ரோட்டைக் கடந்தாள்.

"மைதீன் இக்கா, நான் வேணும்னு வரல்ல கேட்டோ," என்று மலையாளத்து அண்ணன் முறை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார் கிருஷ்ணகுமார். "பிரிட்ஜை எடுக்கச் சொல்லி ஆர்டர். டவுனில் புதுசா ஒரு சூப்பர்மார்க்கெட் தொறக்கறா, அங்க வேணுமாம்."

"சரக்கு தராம பிரிட்ஜை எடுத்தா எப்படி சாரே? சேல் இல்லன்னா அது எனக்க குத்தமா?"

"சரக்கு தரலையா?" கிருஷ்ணகுமார் தன் போனைத் தடவிப் பார்த்தார். "எல்லா வியாழக்கிழமையும் உங்க அவுட்லெட்டுக்கு மூணு பெட்டி போயிருக்கு. டெலிவரி ஆனதுக்கு ஓ.டி.பி.யும் உங்க போன்லேர்ந்துதான் வந்திருக்கு. பணமும் செட்டில் ஆயிருக்கு. ஸ்டாக் மட்டும் பிரிட்ஜில இல்ல. அப்போ எவிடெ போச்சு?"

"எனக்கு ஒரு பாட்டில் வரல்ல."

"மேல ரிசார்ட்டுக்கெல்லாம் இரட்டை விலைக்கு மறிச்சு விக்கறான்னு கம்பெனியில சொல்றா. நான் நம்பலை இக்கா. ஆனா ரெக்கார்டு அப்படி இருக்கே." அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தம்மா கடையைப் பாருங்கோ. அவாளுக்கும் இதே மூணு பெட்டிதான். எப்படி நெறச்சு வெச்சிருக்கா."

மைதீன் திரும்பிப் பார்த்தார்.

உலகம்மையும் திரும்பிப் பார்த்தாள்.

வியாழக்கிழமைகளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மைதீன் கடைக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது. உலகம்மை கடை வாசலில் பாலத்தை ஒட்டி நின்றால் கிடைக்கும். மைதீனின் இரண்டு கண்ணிலும் புரை. வியாழக்கிழமை சுஜினின் வண்டி வரும்போது அவர் போனை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வருவார்.

"மாமா, ஒரு நாலு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க," என்பான் சுஜின். "சரக்கு இல்லன்னாலும் லிஸ்டில உங்க பேரு கட்டாகாம இருக்கணும் இல்லியா?"

மைதீன் போனை உலகம்மையிடம் நீட்டுவார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படிப்பாள். மைதீன் அதைத் திருப்பிச் சொல்வார். சுஜின் தன் போனில் தட்டிக்கொள்வான். அப்புறம் பெட்டிகள் இறங்கும், உலகம்மையின் கடையில். ஆறு பெட்டி. ஆறுக்கும் பணத்தை உலகம்மை சுஜின் கையில் எண்ணிக் கொடுப்பாள். தன் பெயர் காப்பாற்றப்பட்டது என்ற நிம்மதியில் மைதீன் அந்தப் பெட்டிகளை இறக்க ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் திரும்பிப் போவார்.

மூன்று பெட்டி தனக்கு. மூன்று பெட்டி அண்ணனுக்கு. அந்தக் கணக்கு உலகம்மையின் மண்டையில் இப்போதுதான் ஏறியது. எண்ணைப் படித்துக் கொடுத்தது அவள் வாய்.

மைதீனுக்கும் புரிந்துவிட்டது. "அந்த நம்பரு... வியாழக்கிழமை..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். அவர் பார்வை எதிரே கூல்பாரில், முக்காலியிலிருந்து எழுந்து இடுப்பில் கை வைத்து நிற்கும் அஜிதாவின் மேல் இருந்தது. இங்கே ஏதோ நடக்கிறது என்று அவளும் கடையை விட்டு ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, கார்களுக்கு நடுவே.

"பைய வா மோளே. வண்டி வருது," என்றார் மைதீன். பிறகு கிருஷ்ணகுமாரைப் பார்த்துச் சொன்னார்: "வாங்கினேன் சாரே. மேல வித்துட்டேன்."

கிருஷ்ணகுமார் திகைத்துப் போனார். "என்ன சொல்றேள்?"

"வித்துட்டேன். எந்த இடத்துல ஒப்பு போடணும்?"

உலகம்மை வாயைத் திறந்தாள். அதற்குள் அஜிதாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. வந்து நின்றவளுக்குக் கடைசி இரண்டு வார்த்தையே போதுமாக இருந்தது. அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்ததா என்று கேட்டால், முழுதாகத் தெரியாது. சந்தேகம் இருந்தது. புருஷனைக் கேட்காமல் விட்டிருந்தாள்.

"அம்மா, வேண்டாம்," என்று காதருகே சொன்னாள். "சொன்னா சுஜினுக்க வேலை போவும். கேஸ் ஆவும். வேண்டாம்மா."

உலகம்மை வாயை மூடிக்கொண்டாள்.

இந்த இடத்தில் அவளைத் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு மகள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சட்டென்று உண்மை பேசிவிடுகிற தாய்மார்கள் நம்மில் எத்தனை பேர் என்று நினைத்தும் பார்க்கிறேன். நான் பேசியிருப்பேன் என்று எனக்கே உறுதியில்லை.

மைதீன் கிருஷ்ணகுமார் நீட்டிய தாளில் ஒப்புப் போட்டார். எங்கே போட வேண்டும் என்று கண் தெரியாததால் கிருஷ்ணகுமார் அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார்.

"வியாபாரிங்க வாட்ஸ்அப் குரூப்ல போடணும்னு ஆர்டர்," என்றார் தயக்கமாக. "இந்தக் கடைக்கு இனிமே சரக்கு கெடையாதுன்னு."

"போடுங்க."

இரண்டு ஆட்களும் பிரிட்ஜைச் சாய்த்துக் கயிறு கட்டித் தூக்கினார்கள். அது நின்றிருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது. வண்டி கிளம்பியதும் மைதீன் ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து அந்த இடத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதன் பிறகும் உலகம்மை வியாபாரம் செய்தாள். வேறென்ன செய்வாள்? கார்கள் வந்தபடி இருந்தன. 'ஒரு ஆரஞ்சு', 'ரெண்டு லெமன்' என்று கேட்டபடி இருந்தார்கள். ஒவ்வொரு பாட்டிலை எடுக்கும்போதும் இது எனக்குள்ளதா அண்ணனுக்குள்ளதா என்று மனசு கேட்டது. பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே வரிசையில்தான் நின்றன.

மத்தியானம் கூட்டம் தணிந்ததும் அவள் எதிர்ப்பக்கம் போனாள். மைதீன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. அவளைக் கண்டதும் எப்போதும் எழுந்து இடம் விடுகிறவர்.

"அண்ணே..."

"நீ அறிஞ்சிருந்தியா உலகம்மை?"

"பகவதி மேல சத்தியமா இல்ல."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்கு எவ்வளவு தெரிந்ததோ.

"அது போதும்," என்றார்.

"நான் அந்த சாருக்கு போன் பண்ணிச் சொல்லுதேன்."

"சொல்லி? அஜிதா பெத்து எழும்பதுக்குள்ள அவ மாப்பிள்ளை போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பான். அது உனக்கு வேணுமா? எனக்கு என்ன போச்சு? ஒரு பிரிட்ஜ். சாயா வித்துப் பொழச்சுக்கிடுவேன்."

"உம்ம பேரு போச்சே அண்ணே."

உலகம்மை அழுதாள். முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவளைத் தேற்றவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீ இனி எனக்கு ஒண்ணும் கொண்டு வராண்டாம்," என்றார் கடைசியில். "சோறும் வேண்டாம், குழம்பும் வேண்டாம். கோபத்துல சொல்லல்ல. எனக்கு எறங்காது."

சுஜின் மூன்று மணிக்கு வந்தான். அஜிதா போன் செய்திருந்தாள். வண்டியைப் பாலத்து ஓரமாக நிறுத்திவிட்டு, எதிர்க்கடைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நேராகக் கூல்பாரின் பின்கட்டுக்குப் போனான். உலகம்மை பின்னாலேயே போனாள்.

"எதுக்குப்பா இப்படிச் செஞ்ச?"

"உங்களுக்குத்தானே அத்தை செஞ்சேன்." அவன் குரலில் குற்றமுள்ளவனின் எரிச்சல் இருந்தது. "சேல் கொறஞ்சா உங்க பிரிட்ஜைத்தான் முதல்ல எடுத்திருப்பாங்க. லிஸ்டில உங்க பேருதான் இருந்துச்சு. நான் எப்படி விடுவேன்?"

"அதுக்கு அவருக்க வாயில உள்ளதப் பிடுங்கணுமா?"

"இல்லாத நேரத்துல ஆளாளுக்கு அவங்கவங்க சொந்தத்துக்குத்தானே பாப்பாங்க? எல்லா லைன்லயும் இதுதான் நடக்கு. மைதீன் மாமாவுக்கு சபீனாவுக்க சம்பளம் இருக்கு. உங்களுக்கு யாரு இருக்கா?"

"எனக்கு அவரு இருந்தாரு," என்றாள் உலகம்மை.

சுஜின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கெட்டவன் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து மாமியார் கடையைத் தன் கடையாகப் பார்த்தவன். ஆசையாகத்தான் செய்தான். ஆனால் ஒரு தப்பை நல்ல மனசோடு செய்துவிட்டால் அது தப்பில்லாமல் ஆகிவிடும் என்று நினைத்துவிட்டான். இப்போது பயந்து போயிருந்தான்.

"போயி அவருக்க காலுல விழு," என்றாள் உலகம்மை.

"விழுந்தா நாலு பேரு பாப்பாங்க. நாளைக்கு ஆபீசுக்குத் தெரியும். மாமாவே ஒத்துக்கிட்டாருல்ல? அது அப்படியே போட்டும் அத்தை. நாலு மாசம் கழிச்சு நானே அவருக்கு வேற கம்பெனி பிரிட்ஜ் ஏற்பாடு பண்ணுதேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அஜிதாவ நான் நெடுமங்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இங்க இருந்தா எதையாவது சொல்லிருவா."

அஜிதாவின் பையை அவனே எடுத்து வண்டியில் வைத்தான். மருந்து, ஸ்கேன் ரிப்போர்ட், உலகம்மை பிள்ளைக்கென்று தைத்து வைத்திருந்த துணிகள் எல்லாம் அதில் இருந்தன. அஜிதா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பொன்முடியிலிருந்து இறங்குகிற கார்கள் பாலத்தை அடைத்துக்கொண்டிருந்தன. வழி கிடைக்கக் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் திருவனந்தபுரம் பஸ் வந்தது.

சபீனா இறங்கினாள். தோளில் பை, கையில் போன். வழக்கமாக முதலில் கூல்பாருக்கு வந்து, 'மாமி, தண்ணி' என்று கேட்டுக் குடித்துவிட்டுத்தான் வாப்பாவிடம் போவாள். இன்று நேராகப் போனாள்.

உலகம்மை அவள் பின்னாலேயே ரோட்டைக் கடந்தாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாப்பா, குரூப்ல போட்டிருக்கு." சபீனாவின் குரல் நிதானமாக இருந்தது. "நம்ம கடையை போட்டோ எடுத்துப் போட்டு, கள்ளக் கச்சவடம், திருட்டு வியாபாரம்னு போட்டிருக்கு. பஸ்ல பக்கத்துல இருந்த ஆளு என்கிட்டயே காட்டிச் சிரிக்கான். நீங்க வித்தீங்களா?"

"வித்தேன் மோளே."

"யாருக்கு?"

"மேல ரிசார்ட்டுக்கு."

"எந்த ரிசார்ட்? யாரு வந்து எடுத்தா? நம்மகிட்ட வண்டி இல்லியே, எப்படிக் கொண்டு போனீங்க?"

மைதீனுக்கு ஒரு பொய்க்கு மேல் சொல்லிப் பழக்கமில்லை.

சபீனா திரும்பினாள். "மாமி, நீங்க நாள் முழுக்க எதிர்லயே இருக்கீங்க. நீங்க சொல்லுங்க. ஒரு பெட்டி இங்கேர்ந்து மேல போனத கண்டீங்களா?"

"மிண்டாத இரி உலகம்மை," என்றார் மைதீன்.

உலகம்மை இந்த முறை வாயை மூடவில்லை.

"உங்க வாப்பா ஒண்ணும் விக்கல்ல மக்ளே. அவருக்கு வந்த பெட்டிய எடுத்தது நான். நம்பரைப் படிச்சுக் குடுத்தது நான். அவருக்குத் தெரியாம எனக்க கடையில எறக்கினேன். எல்லாம் எனக்க ஆசைதான்."

சுஜினின் பெயரை அவள் சொல்லவில்லை. பாரத்தைத் தானே சுமந்துவிட்டால் இரண்டு பக்கமும் காப்பாற்றிவிடலாம் என்று அந்த நொடியில் நினைத்துவிட்டாள்.

சபீனா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. கடைப் படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"வேற யாராவதா இருந்திருக்கலாம் மாமி," என்றாள். "நீங்களா இருக்க வேண்டாம்."

"அவ பொய் சொல்லுதா மோளே," என்றார் மைதீன்.

"அப்போ நீங்க வித்தது உள்ளதா?"

"ஆமா."

"அதுவும் பொய்தான். ரெண்டு பேரும் எதுக்கு என்கிட்ட பொய் சொல்லுதீங்க?"

ரோட்டில் ஹாரன் அடித்தது. பாலத்தில் வழி திறந்திருந்தது. சுஜின் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டான். அவனுக்கு அங்கே பேசுவது கேட்டிருக்கும். ரோட்டின் அகலம் அவ்வளவுதான். யாருக்காக இரண்டு பேர் தங்கள் தலையில் பழியைத் தூக்கி வைத்துக்கொண்டார்களோ அவன், இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இறங்கியது அஜிதா.

"எங்க போற? ஏறு," என்றான் சுஜின்.

அவள் கதவைச் சாத்திவிட்டு ரோட்டைக் கடந்து வந்தாள். முகம் வியர்த்திருந்தது. சபீனா முன்னால் வந்து நின்றாள். சபீனா அவளைவிட நாலு வயது மூத்தவள். ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்ஸில் போனவர்கள்.

"சபீனாக்கா, அம்மா சொல்லுது பொய். மாமா சொல்லுது பொய். ரெண்டு பேரும் எனக்கு வேண்டிச் சொல்லுதாவோ. மாமாவுக்க பேருல எடுத்து எங்க கடையில எறக்கினது சுஜின். காலத்தே ஆபீசர் வந்தப்போ அம்மா சொல்லப் போச்சு. நான்தான் கையப் பிடிச்சு நிறுத்தினேன்."

"மோளே," என்றார் மைதீன்.

"போதும் மாமா. இந்தப் பிள்ளை பொறந்து நாளைக்கு உங்க கடைக்குத்தான் ஓடி வரும். அதுக்க முகத்த நான் எப்படிப் பாப்பேன்?"

பாலத்தில் வண்டி நகர்ந்தது. முதலில் மெதுவாக, அவள் ஓடி வந்து ஏறிக்கொள்ளட்டும் என்பது போல. அப்புறம் வேகமாக. விதுரைப் பக்கத்து வளைவில் திரும்பி மறைந்தது. யாரும் கூப்பிடவில்லை.

சபீனா எழுந்தாள். போனைத் திறந்து, வாப்பாவுக்காக அவள் சேர்ந்திருந்த குரூப்பிலிருந்து கிருஷ்ணகுமாரின் நம்பரை எடுத்தாள். மைதீன் கையை நீட்டி அதை வாங்கப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை.

"வாப்பா கள்ளன் இல்லன்னு இந்த ஆளுக்கு நான் சொல்லணும் அஜிதா," என்றாள். "அத மட்டும் சொல்ல முடியாது. சுஜினுக்க பேரையும் சொல்லணும். சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். நீ வேண்டாம்னா இன்னிக்கு நான் வச்சிருதேன். வாப்பாவும் பொறுத்துக்கிடுவாரு, அவருக்கு அது புதுசில்ல. நீ சொல்லு. பண்ணட்டா?"

அஜிதா ஆளில்லாத அந்த வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உலகம்மை மகளின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நின்றாள். காலையில் மகள் தன்னைத் தடுத்தது போல, அவள் சொல்லப் போவதைத் தான் தடுத்துவிடக் கூடாது என்று உலகம்மைக்குப் பட்டது.

"பண்ணுக்கா," என்றாள் அஜிதா. சொல்லிவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழத் தொடங்கினாள்.